மூன்று மணிக்குப் பிறகு வருகிறவர்கள்

அப்புத்தளையில் நான் கராத்தே பழகப் போன மண்டபத்துக்குள் பிற்பகலில் பனிமூட்டம் வந்துவிடும். ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும். கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாதவர்களாக நாங்கள் வரிசையில் நிற்போம். தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் வாரம் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, முப்பத்தெட்டு வயதில் வெள்ளை பெல்ட் கட்டி நின்ற எனக்கு, யாரும் பேசாத அந்த இடம் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது.

புதியவர்களுக்கு முதல் நாளே மரியாதைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். செருப்பை வெளியே பார்த்தபடி வைக்க வேண்டும். வாசலில் குனிந்து வணங்க வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டும். எல்லாம் எனக்குச் சுலபம்தான். ஒன்றே ஒன்று தொண்டையில் சிக்கியது. வகுப்பு தொடங்குகிற மூன்று மணிக்குப் பிறகு வருகிறவர்கள் கதவோரம் முட்டி போட்டு உட்கார வேண்டும். உள்ளே இருப்பவர் தலையசைத்த பிறகுதான் எழுந்து வரலாம்.

ஹல்துமுல்லையிலிருந்து மேலே ஏறுகிற பஸ் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்தால்தானே. நாலு மாதம், எல்லாச் சனிக்கிழமையும் முட்டி போட்டேன். கராத்தே சொல்லிக் கொடுக்கிற எங்கள் சென்செய்க்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. வெளியே படியில் என்னை அக்கா என்பார். உள்ளே அவர் தலை அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மா பெரட்டுக்களத்தில் அப்படித்தான் நின்றாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. ஐந்து நிமிடம் பிந்தினால், ஏன் பிந்தினாய் என்று கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள் அம்மா. கேட்டுக்கொண்டு, திருப்பி அனுப்பிவிடுவார். வெறுங்கூடையோடு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அந்த முகத்தை நான் மறக்கவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். இனி முட்டி போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மண்டபத்தில் இரவல் வாங்கியிருந்த வெள்ளை உடுப்பைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை தோட்டத்து லொறியில் ஏறிப் போனேன். மூன்றுக்கு முன்பே கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். மண்டபம் திறந்திருந்தது. ஆளில்லை. பண்டாரவளைப் பாதையில் மரம் விழுந்திருப்பதாகக் கீழே கடைக்காரர் சொன்னார். சென்செயும் கூடப் பழகுகிற பிள்ளைகளும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

கடிகாரம் மூன்றைக் காட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பனிமூட்டம் மடியில் ஏறியது. எங்கேயோ ரயில் கூவியது. இந்த அமைதியையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

கண்ணைத் திறந்தேன். கதவோரம் சென்செய் முட்டி போட்டிருந்தார். நடந்தே வந்திருப்பார் போல, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பார்வை தரையில். கடிகாரத்தில் மூன்றேகால்.

"உள்ள வாங்க, சென்செய்."

அவர் அசையவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். மண்டபத்தில் என்னைத் தவிர யாருமில்லை. பிறகுதான் உறைத்தது. மெல்லத் தலையசைத்தேன். அவர் நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டு எழுந்து வந்தார்.

"மரம் விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"பஸ் பிந்தினா நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா? நான் ஒரு நாளாவது காரணம் கேட்டேனா?"

கேட்டதில்லை. திருப்பி அனுப்பியதும் இல்லை. நாலு மாதமாக அது என் மண்டையில் ஏறவில்லை.

"போய் உடுப்ப மாத்திக்கிட்டு வாங்க," என்றார். பையிலிருந்து எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் இருந்தவள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் முட்டி போட்டிருந்தாரு?"

"தெரியலம்மா. நான் கண்ண மூடியிருந்தேன்."

அம்மா அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"உள்ள விட்டுட்டல்ல?" என்று கேட்டாள்.