அம்மாவின் பலாப் பலகை

“லயத்துக் குசினிக்குப் பலாப் பலகையா? வெறகு அடுக்கவா டீச்சர்?” என்று ஹாலிஎலயில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர் சிரித்தார். லயத்து வரிசை வீடொன்றில் வளர்ந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

“எங்கம்மா நின்னுக்கிட்டுக் காய் நறுக்க. குந்தி எந்திரிச்சா முழங்கால் போயிரும்னு பதுளை ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். சவுக்குப் பலகையைத் தொட வேண்டாம், முறுகும் என்றார். இரண்டு மழைக்காலம் நிழலில் காய்ந்த பலாப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டார். நுனியில் வெடிப்பு இல்லை. அதையே நான்கு கால் வைத்து வாங்கி, குசினி ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன்.

“கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுற மாதிரி இருக்கு,” என்றார் அம்மா. ஆனாலும் நின்று நறுக்கினார். காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதும் குறைந்தது.

இரண்டு மாதத்தில் பலகை நடுவில் குழிந்து, ஓரத்தில் வெடித்தது. வைத்த பாத்திரம் ஆடியது. அம்மா அருவாமனையோடு மறுபடியும் தரையில் உட்கார்ந்தார். நான் பட்டறைக்குச் சண்டைக்குப் போனேன்.

“தண்ணி ஊத்துறீங்களா?” என்று கேட்டார் அவர்.

“எங்க வீட்டுல அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க,” என்றேன் விறைப்பாக.

அந்த வெள்ளிக்கிழமை பாடசாலை சீக்கிரம் விட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது, தரையைச் சாணியால் மெழுகி முடித்த அம்மா, ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைப் பலகை மேல் கவிழ்த்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்றீங்க!”

“வெள்ளிக்கெழம சமைக்கிற எடத்தக் கழுவாம விடுறதா? படிச்ச புள்ள வாங்குன பலக, ஒரு வாளித் தண்ணிக்குத் தாங்கல!”

கோபம் வந்தது. அதற்குள் வெட்கமும் வந்துவிட்டது. மரத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நான், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. மறுநாள் பட்டறைக்காரரிடம் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் பலகையை இழைத்து, அடியில் இரண்டு சட்டம் அடித்துக் கொடுத்தார். ஈரத்துணியால் துடைத்தால் போதும், வாரம் ஒருமுறை எண்ணெய் பூசுங்கள் என்றார்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைக் கழுவலை விட மனமில்லை. நான் சொன்னேன்: “நீங்க வெள்ளிக்கெழம நல்லெண்ண தேச்சுக் குளிக்கிறீங்கல்ல? அதுக்கும் தேச்சு விடுங்க. குளிப்பாட்ட மட்டும் வேணாம்.”

“எண்ணெயத் தேச்சுட்டுக் குளிக்காம நின்னா தடுமன் புடிக்காதா, டீச்சரம்மா?”

கேலி செய்தாலும் தேய்த்தார். மெல்லியதாகப் பூசி, பிசுக்குப் போகப் பழந்துணியால் அழுத்தித் துடைத்தார். பலகை தேன் நிறத்துக்கு வந்தது. மறுபடியும் நின்று நறுக்க ஆரம்பித்தார்.

ஆனால் சோறு வடிக்க இன்னும் குந்தத்தான் வேண்டியிருக்கிறது. அடுப்பு தரையில் இருக்கிறது. நேற்றுச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து, பலகைக்குப் பக்கத்தில் உயரமான அடுப்புக்கு முதல் இரண்டு வரிசையைக் கட்டிவிட்டேன்.