திருகின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு

மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு திருகு ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு விரல் ஞாபகம் வரும். என் லட்சணம் அப்படி.

அப்போது ஒக்கலிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டிலும் அதே பைத்தியம். விநாடிக்கு ஒரு கோடி முறை துடிக்க வேண்டிய குவார்ட்ஸ் படிகம் ஒன்றை, தெர்மகோல் பெட்டிக்குள் அடைத்து அலமாரியில் வைத்திருந்தேன். அது ஒழுங்காகத் துடிக்கிறதா என்று பார்க்க டில்லி இருந்தது. அங்கிருந்து சிற்றலையில், பத்து மெகாஹெர்ட்ஸில், விநாடிக்கொரு 'டிக்' என்று நேர ஒலி வரும். ரேடியோவில் அதோடு என் படிகத்தையும் சேர்த்துக் கேட்டால் சத்தம் அலைபோல ஏறி இறங்கும். எவ்வளவு மெதுவாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு துல்லியம். பிசகினால் திருத்த, பெட்டியின் ஓரத்தில் சின்னத் திருகு.

இதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் சேவியர். ஆஸ்டின் டவுன்காரர், பள்ளி ஆசிரியர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். எல்லாரையும் "குரு" என்றுதான் கூப்பிடுவார். அவரிடமும் ஒரு படிகம் இருந்தது. யாருடையது ஒழுங்கு என்பதில் எங்களுக்குள் போட்டி.

வாரம் முழுக்கச் சொன்னபடி கேட்ட என் படிகம், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் கணக்குப் பிசகி ஓட ஆரம்பித்தது. முதல் வாரம் நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது வாரம் அவர், "என்ன குரு, உங்காளு மெஜஸ்டிக் பஸ்ஸைப் பிடிக்க ஓடறானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சட்டைப்பையில் எப்போதும் திருகு முடுக்க உதவும் டெஸ்டர் ஒன்று இருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. நான் காபி எடுத்துவர உள்ளே போகிற இரண்டு நிமிடம் போதாதா?

மனைவி மல்லிகாவின் நகப்பாலிஷை எடுத்துத் திருகின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திருகினால் பொட்டு விரிசல் விட்டுவிடும். அடுத்த ஞாயிறு காபித் தட்டோடு திரும்பி வந்து பார்த்தால், பொட்டில் மெல்லிய விரிசல்.

"சேவியர், திருகைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் குரு தொடணும்?"

"பாலிஷ் விரிசல் விட்டிருக்கே."

அவர் திருகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓ, எனக்காக வெச்சதா இது?" என்றார். காபியைத் தொடாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வராத ஞாயிறும் படிகம் ஓடியது. அப்போதும் என் புத்தி, போன வாரமே ஏதாவது செய்துவிட்டுப் போயிருப்பாரோ என்றுதான் போயிற்று. மல்லிகாதான் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை மட்டும் தானே? அன்னிக்குத்தானே எல்லாரும் தலைக்குக் குளிக்கறோம். அந்தச் செவுத்துக்குப் பின்னாடிதான் பாய்லர் எரியுது."

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. சூடு பட்டால் படிகம் பிசகும் என்பது என் தொழிலின் முதல் பாடம். அந்தச் சூட்டில்தான் காய்ந்த பாலிஷும் வெடித்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பாய்லர் பற்றவைக்கவில்லை, படிகம் பிசகவில்லை.

அன்றே பஸ் பிடித்து, சிவாஜிநகரில் மாறி, ஆஸ்டின் டவுன் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். சேவியர் கோபப்படவில்லை.

"செவுருன்னு தெரியாம இருந்திருந்தா, இன்னும் நான்தானே குரு?"



அதன் பிறகும் சில ஞாயிறுகள் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார். கிட்டே வரச் சொன்னால், "இங்கேருந்தே கேக்குது" என்பார். பிறகு மைசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும் உள்ளங்கையளவு கருவி இருக்கிறது. சேவியரும் நானும் கனவில்கூடக் காணாத துல்லியம். டில்லியின் ஒலி நின்று வெகுகாலமாகிறது. பத்து மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல் கேட்ட அன்று, உடனே அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் சேவியர். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை.