அவளே வருவாள் என்றான் சூதாடி

தப்பு என்மேல்தான். இருந்தாலும் பாதிப் பழியை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு சூதாடிமேல் போட்டுத்தான் மனதை ஆற்றிக்கொள்கிறேன்.

மரக்காணத்தில் உப்பள வேலை விடியும் முன்பே தொடங்கி, வெயில் ஏறியதும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு முழுப் பகலையும் நாமே ஓட்ட வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவள் கிளியனூரில் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு நான் மட்டும்.

அவள் போனதற்கும் நான்தான் காரணம். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. ரெண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. அன்று காலையில் கிழக்கே மேகம் திரண்டது. பாத்தியில் உப்பு வாரும் பதத்தில் இருந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துபோகும். "நீ போ, நான் வாரிக் குவிச்சி மூடிட்டு வர்றேன்" என்றேன். பட்டுப் புடவையில் வாசலில் நின்றவள் பையை எடுத்துக்கொண்டாள். தனியாகப் போனாள். மேகம் கலைந்து வெயிலும் அடித்தது. நான் அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன். போகவே இல்லை. சபையில் அத்தனை பேரும் "வூட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் திரும்பி வரவில்லை.

எங்கள் பக்கம் பெண் கோபித்துக்கொண்டு போனால் புருஷன் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் தானாக வந்தால் அவளுக்கும் மதிப்பில்லை, அவள் வீட்டாருக்கும் மதிப்பில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த ஞாயிறு மதியம் டிவியில் ஒரு பழைய இங்கிலீஷ் படம், தமிழில் பேசியது. அகலமான ஆறு, பின்னால் பெரிய சக்கரம் சுழலும் கப்பல், அதில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சீட்டாடியே பிழைக்கிற ஒருத்தன். கத்திச் சண்டை, தீ விபத்து எல்லாம் உண்டு. ஒரு பண்ணையார் மகள் அவனை அலட்சியப்படுத்துகிறாள். அவன் கெஞ்சவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இனி நான் வரமாட்டேன், நீயே வருவாய்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுகிறான். கடைசியில் அவள் குதிரை வண்டியில் பறந்து வந்து கரையில் நிற்கிறாள். சோற்றுத் தட்டில் கை காய்ந்துபோக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பளை என்றால் இவனல்லவா என்று பட்டது. கிளியனூர் போக மாற்றிக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கைலிக்கு மாறினேன்.

என் தொழிலும் அதற்கு ஒத்து ஊதியது. உப்பு படிந்து இறங்கும்போது பாத்தியில் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். கோபமும் அப்படித்தான், விட்டால் தானாகப் படியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அவளிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை. பக்கத்துப் பாத்திக்காரர் கேட்டார்: "ஏம்பா, போய் கூட்டினு வாயேன். இன்னாத்துக்கு ஒண்டியா கஞ்சி காச்சினு கெடக்கற?"

"அவளே வருவா."

"அவ எப்படிப்பா வருவா?" என்றார்.

சொல்வதற்கென்ன, தனிமை என்னைத் தின்றது. உப்பு வெளிச்சத்தில் கூசிச் சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்தால், முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. டிவியை ஓடவிட்டுக் குளிக்கப் போவேன், வீட்டில் பேச்சுக் குரல் கேட்கட்டும் என்று. நாலு மாதம் கழித்து என் வீம்பு உடைந்தது. திண்டிவனம் போய், பஸ் மாறி, கிளியனூரில் இறங்கினேன்.

வீட்டில் அவள் இல்லை. அண்ணன் மனைவிதான் நாற்காலி எடுத்துப் போட்டாள். "வேலைக்குப் போயிருக்காங்கண்ணே. பாண்டி பக்கம் கம்பெனி. வேன் வர்ற நேரந்தான்" என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "வந்து மூணு மாசம் அவங்க பையைப் பிரிக்கவே இல்லண்ணே. ரெண்டு பொடவையே தொவைச்சி தொவைச்சி கட்னாங்க. நீங்க வந்தா ஒடனே கெளம்பணும்னு. போன மாசந்தான் பீரோவுல எடுத்து வச்சாங்க."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல் சொம்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை. இளைத்திருந்தாள். "எப்ப வந்தீங்க? காபி குடிச்சீங்களா?" என்றாள். அதில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வா, போலாம்" என்றேன். நாலு மாதமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

அவள் கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். ஆறரை பஸ்ஸ வுட்டுட்டா ஒங்களுக்குக் கஷ்டம். கெளம்புங்க" என்றாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டர் வந்து "எத்தினி பேரு?" என்றார். ஒரு விரலைக் காட்டினேன்.