ஏழு இலக்கங்களும் இரண்டு நாடுகளும்

என் தங்கை கன்னியாஸ்திரி. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், இலங்கையில் சண்டை நின்றிருந்த காலத்தில், அவளுடைய சபை அவளை மன்னாரிலிருந்து கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவுக்குப் படிப்பிக்க அனுப்பியது. நானும் மனைவியும் அப்போது ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆன்சரிங் மெஷினில் அவளுடைய குரல் இருந்தது. "அண்ணை, நான் டொமினிக்காவுக்கு வந்து சேந்திட்டன். வந்ததிலயிருந்து காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடக்கு. இந்த நம்பருக்கு எடுங்கோ." ஏழு இலக்கங்களைச் சொன்னாள். பிறகு இருமினாள். இணைப்பு அறுந்துவிட்டது.

முன்னால் இரண்டு பூச்சியம் போட்டு அந்த ஏழு இலக்கங்களையும் அழுத்தினேன். அப்படி ஓர் எண் இல்லை என்று ஜெர்மன் குரல் ஒன்று திரும்பத் திரும்பச் சொன்னது. நாட்டுக் குறியீடு வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டேன். தொலைபேசி அட்டைகள் விற்கும் கடைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த தாளில் தேடினேன். 'டொமினிக்' என்று தொடங்கிய வரிக்கு எதிரே 001 809 என்று இருந்தது. 001 அமெரிக்கா அல்லவா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனாலும் குறித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் 001 809 போட்டு அந்த ஏழு இலக்கங்களையும் அழுத்தினேன். மறுமுனையில் மணி அடித்தது. ஓர் ஆண் எடுத்து ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் தங்கையின் பெயரைச் சொன்னேன். அவர் "நோ, நோ" என்று வைத்துவிட்டார். மறுநாளும் அவர்தான். அதற்கடுத்த முறை என் குரலை அடையாளம் கண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கன்னியர் மடத்தில ஆம்பிளை ஏன் போன் எடுக்கிறார்?" என்று மனைவி கேட்டாள். "நீங்கள் நம்பரைச் சரியாத்தான் கேட்டனீங்களோ?"

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். இலக்கங்கள் சரியாகத்தான் இருந்தன. கேட்கக் கேட்க அந்த இருமல்தான் பெரிதாகிக்கொண்டே போனது. இதற்கிடையில் மன்னாரிலிருந்து அம்மா அழைப்பெடுத்தார். "பிள்ளையோட கதைச்சனீயே தம்பி?" காய்ச்சலைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "லைன் கிடைக்கேல்லை அம்மா, எடுத்துப் பாக்கிறன்" என்றேன்.

கடைசியில், வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம் வெளிநாட்டு எண்களைச் சொல்லும் விசாரணைச் சேவைக்கு அழைப்பெடுத்தேன். பேசியவர் ஒரு பெண். டொமினிக்காவுக்கு 001 809 போட்டால் வேறு யாரோ எடுக்கிறார் என்றேன்.

"டொமினிக்காவா, டொமினிக்கன் குடியரசா?" என்று கேட்டார்.

"இரண்டும் ஒன்றுதானே?"

"இல்லை. வேறு வேறு நாடுகள். நீங்கள் எடுத்தது குடியரசுக்கு. டொமினிக்காவுக்கு 001 767."

அமெரிக்காவின் குறியீடான ஒன்று எப்படி அங்கே வந்தது என்று கேட்டேன். அமெரிக்கா, கனடா, கரீபியன் தீவுகளில் பல, எல்லாம் அந்த ஒன்றையே பங்கிட்டுக்கொள்வதாகவும், அடுத்து வரும் மூன்று இலக்கங்கள்தாம் எந்தத் தீவு என்று காட்டும் என்றும் சொன்னார். நன்றி சொல்லி வைத்தேன்.

உடனே அழுத்தினேன். இந்த முறை ஒரு பெண் எடுத்து, கன்னியர் மடம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தங்கையின் பெயரைச் சொன்னேன். சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணையோ? இப்பதான் எடுக்கிறியளோ?"

"உனக்கு இப்ப எப்படி?"

"காய்ச்சல் விட்டிட்டுது. ரெண்டு நாளா படிப்பிக்கவும் போறன். நீங்கள் எடுப்பீங்களெண்டு காத்துக்கொண்டு இருந்தனான்."

"குறியீட்டைச் சொல்லாமல் ஏழு இலக்கத்தை மட்டும் சொல்லிப்போட்டு வைச்சால்?"

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நானும் சொல்லிப்போட்டன்" என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற மனைவி தொலைபேசியை வாங்கி, காய்ச்சலுக்கு என்ன குடித்தாள் என்று தொடங்கி ஒவ்வொன்றாக விசாரித்தாள். நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். பசிப்பது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகு அம்மாவுக்கு எடுத்து, காய்ச்சல் வந்ததையும் விட்டதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"சாப்பாடு என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"எங்கட ஈரப்பலாக்காய் அங்கையும் நிறைய இருக்காம் அம்மா. மடத்து வளவிலயே ரெண்டு மரமாம்."

"அப்ப பிள்ளை சமாளிச்சுப்போடும்" என்றார் அம்மா. பிறகு, அங்கே தேங்காய் கிடைக்கிறதா என்று அடுத்த முறை மறக்காமல் கேட்கச் சொன்னார்.