ஓரமில்லாத கணக்கு

ஒரே அணு கனமுள்ள கரித்தகட்டை நாடாவாக நறுக்கினால் மின்சாரம் அதில் எப்படி ஓடும் என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. அணு வரிசை முடியும் இடத்தில் கணக்கு சிக்கலாகும் என்று, வலது ஓரத்தை இடது ஓரத்தோடு ஒட்டிவிடுவார்கள். அப்புறம் ஓரமே கிடையாது, நிம்மதி. நான் ஒட்டாமல் போட்டுப் பார்த்தேன். மின்சாரம் ஓரத்து அணுக்கள் வழியாகத்தான் ஓடியது.

"புரோகிராம் தப்பு," என்றார் கைடு. பிறகு எல்லோர் முன்னாலும், "மலையிலேர்ந்து வந்த பொண்ணு இல்லையா, ஓரமாவே பார்க்குது," என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அவர் கையெழுத்து வேண்டுமே.

ஓரத்தை ஒட்டியே அவர் இதழுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரையைப் படித்த நிபுணர்கள், ஓரத்தில் என்ன நடக்கிறது என்றே கேட்டார்கள். அதே வாரம் ஜவ்வாது மலையில் அப்பா செத்துப்போனார். கிளம்பும்போது கைடு சொன்னார்: "வருத்தம்தாம்மா. வியாழக்கிழமை காலைல போன்ல வந்து பதில் சொல்லிடு. இல்லைன்னா உன் பிஎச்டியை மறந்துடு."

வியாழக்கிழமைதான் காரியம். அது முடியும்வரை செத்தவர் வீட்டார் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. சிக்னலோ கல்லைத் தாண்டினால்தான். பெரியப்பாவிடம் கெஞ்சினேன்.

"அப்பன வுட இன்னா பெரிய போனு? தாண்டிப் போனா வூட்டுப்பக்கம் வராத."

தாண்டினேன். ஓரத்து அணுவுக்கு ஒரு பக்கம் துணையில்லை, அதனால் அங்கே எலக்ட்ரான் தனித்து நிற்கிறது என்று விளக்கினேன். கைடு பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"பிரமாதம்மா. நீ லீவுல இருக்கறதால கட்டுரையில உன் பேருக்குப் பதிலா ஜூனியர் பேரைப் போட்டுட்டேன். கடைசியில உனக்கு நன்றி சொல்லியிருக்கேன்."

"சார், அது என் கணக்கு."

"துக்கத்துல பேசறே. பரவாயில்ல," என்று வைத்துவிட்டார். அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். இன்றும் சொல்கிறேன்.

திரும்பியபோது பெரியப்பா கல்லருகே நின்றிருந்தார். பின்னால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். வா என்று அவளும் கூப்பிடவில்லை.

கல்லுக்கு வெளியே நின்றேன். உள்ளே மேளம் கேட்டது. கட்டுரையை இதழுக்கு அனுப்பியாயிற்று என்று கைடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எல்லோரும் வரிசையாகக் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். ஒன்றுகூட எனக்குத் தப்பவில்லை. அங்கே சிக்னல் நன்றாகக் கிடைத்தது.