நிற்காத பென்சில்

ஷாகிராவுக்கு முப்பத்தெட்டு வயது. வீடு ஜாம்பஜாரில், வேலை தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பில் கவுண்டரில். கணவர் யாசிர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். பி.காம். முடித்ததும் கல்யாணம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மேற்கு மாம்பலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்து கற்கச் சேர்ந்தார். நீதிமன்றத்தில் ஸ்டெனோ ஆக வேண்டும் என்று ஆசை.

சீனியர் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சுருக்கெழுத்தில் எழுதுவது ஒலியைத்தான். ‘சைட்’ என்று காதில் விழுந்தால் அது மனையா, பார்வையா, மேற்கோள் காட்டுவதா? மூன்றுக்கும் ஒரே கோடு. எது என்று யோசிக்கும்போது அவர் பென்சில் நின்றுவிடும். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் வேகத்தில் அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும்.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் மாணவர்கள் எழுத டிக்டேஷன் வாசித்துக் காட்டியவள் என் மனைவி நீரஜா. அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டாள். டிசம்பரில் ஷாகிரா என் வீட்டுக்கு வந்தார்.

“சார், அக்கா படிக்கிற புக்கு வூட்ல கீதா? பிப்ரவரி எக்ஸாம்ல விட்டேன்னா கோர்ட்டு வேலைக்கு வயசு தாண்டிடும். நீங்க படிப்பீங்களா?”

மறுநாள் காலை ஆறரைக்கு அந்தப் புத்தகத்தோடு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். அதில் கால் நிமிடத்துக்கு முப்பது சொல் என்று எண்ணி நீரஜா பென்சிலால் சாய்கோடு போட்டிருந்தாள். குழப்பும் சொல் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் ஷாகிரா.

“இன்னா சார், பஸ் ஸ்டாப்பா? எங்க பார்த்தாலும் நிக்கறீங்க!”

“யோசிக்க நேரம் வேணுமேன்னுதான்மா.”

“நீங்க நின்னா நானும் நின்னுடறேன். அக்கா நிக்கவே மாட்டாங்க. ‘எழுதிட்டு ஓடு, எந்த வார்த்தைன்னு முழுசாக் கேட்டப்புறம் தானா தெரியும்’னு திட்டுவாங்க.”

நீரஜாவின் கோடுகளைப் பார்த்தே நிற்காமல் படிக்கப் பழகினேன். முதலில் எனக்கு மூச்சு வாங்கியது. ஜனவரிக் கடைசியில் ஒருநாள், ஐந்து நிமிடப் பகுதியை ஷாகிரா ஒரு சொல் விடாமல் எழுதினார். பிறகு டைப் செய்தபோது ஒலியில் ஒன்றான சொற்கள் எல்லாம் அந்தந்த வாக்கியத்தில் சரியாக வந்து உட்கார்ந்தன.

தேர்வு அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில். வெளியே வந்தவர், என்னோடு காத்திருந்த யாசிர் நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை.

“ரெண்டு எடத்துல கை நிக்கப் பார்த்துச்சு சார். ஓடிட்டேன்.”

“இனிமே வூட்ல நான் பேசறதையெல்லாம் இது எழுதிக்கும் சார்,” என்றார் யாசிர். “உஷாரா இருக்கணும்.”

“நீ பேசற வேகத்துக்கு ஜூனியர் பரீட்சையே போதும், போய்யா.”

இன்று முடிவு வந்தது. பாஸ். நீதிமன்ற வேலைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாராம். போனில் கேட்டார்:

“அடுத்து ஹைஸ்பீடு பரீட்சை சார். அந்த வேகத்துக்கு அக்கா கோடு போட்டு வெச்சிருக்காங்களா?”

புரட்டிப் பார்த்தேன். போடவில்லை. ஒரு பென்சிலைச் சீவி, முதல் பக்கத்திலிருந்து சொற்களை எண்ணிக் கோடு போட ஆரம்பித்திருக்கிறேன். காலை ஆறரைக்குள் நான்கு பக்கமாவது தேறும்.