ஸ்வெட்டர் போடாதவர்

மலேசியாவின் கிள்ளானில் நான் சில மாதம் வேலை பார்த்த சரக்கு நிறுவனத்தில், வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏசி குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்போம். போடாதவர் ஒருவர்தான்: அலுவலக நிர்வாகத்தைக் கவனித்த அக்கா. பருத்த உடம்பு, முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக் கை, பெரிய குங்குமப் பொட்டு. பேசும்போதெல்லாம் ஒரு கோப்பு அட்டையால் விசிறிக்கொள்வார்.

செலவைக் குறைக்க, நாலு மணித் தேநீரையும் அதோடு வரும் கறிபாப் பலகாரத்தையும் நிறுத்தப்போவதாக முதலாளி ஒருநாள் அறிவித்தார். அக்கா எழுந்தார்.

"பாஸ், கறிபாப்ப விடுங்க. ஏர்கோன பதினெட்டுல வச்சிட்டு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கோம். இருபத்தஞ்சுல வைப்போம். கரண்டு பில்லும் குறையும், பூமிக்கும் நல்லது லா."

"எனக்குப் புழுங்குமே?"

"கோட்டக் கழட்டுங்க பாஸ். இது என்ன லண்டனா?"

முதலில் சிரித்தவர் முதலாளிதான். கோட்டையும் கழற்றினார். அடுத்த மாதம் மின்கட்டணம் குறைந்தது, கறிபாப் தப்பியது. ஸ்வெட்டர்கள் நாற்காலிகளில் சும்மா தொங்கின.

அதற்குப் பிறகு ஒருநாள் தேநீர் வேளையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கழுத்தெல்லாம் வியர்வை. அட்டை முன்பைவிட வேகமாக ஆடியது. அந்தப் பழைய குளிரில் ஸ்வெட்டரோ கோட்டோ இல்லாமல் சுகமாக இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, இப்ப உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"வேர்த்தா தொடச்சிக்கலாம் தம்பி. கறிபாப் இல்லாம அஞ்சு மணி வரைக்கும் எப்படி உக்கார்றது?" என்று இரண்டாவதை எடுத்துக் கடித்தார்.

வெறும் கறிபாப்புக்காக ஒருவர் இவ்வளவு வேர்ப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.